காசுகளைப் படித்த மனிதர்: ஜேம்ஸ் பிரின்செப்



கடந்த கோடை விடுமுறையில் நம் வளாகத்துப் பிள்ளைகள் நான்கைந்து பேர் பின்பக்கக் காலிமனையில் வெயிலைப் பொருட்படுத்தாமல் சுற்றிக்கொண்டிருந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவனுக்கு அவன் தாத்தா மெட்டல் டிடெக்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். நீண்ட கம்பு, அதன் அடியில் தட்டு மாதிரி ஒரு வளையம். அதைத் தரைக்கு மேலே வீசிக்கொண்டே நடக்க வேண்டும். எங்கே 'பீப்' என்கிறதோ அங்கே தோண்ட வேண்டும். ஒரு வாரத்தில் கிடைத்தவை சோடா மூடிகள், துருப்பிடித்த ஆணிகள், ஒரு தோட்டின் திருகு, ஒரே ஒரு காலணா. நான் பழைய காசு சேர்ப்பவன் என்பது தெரியும் ஆதலால் அந்தக் காலணாவை என்னிடம் கொண்டு வந்தார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, இது எவ்வளவுக்கு விலை போகும் என்பதுதான்.

நான் அவர்களிடம் திருப்பிக் கேட்டேன்: எந்த இடத்தில் கிடைத்தது, எவ்வளவு ஆழத்தில், பக்கத்தில் வேறு என்ன இருந்தது? ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அவர்களைவிட வயதிலும் படிப்பிலும் பெரியவனாக இருந்தபோது நானே இதைவிடப் பெரிய தவறு செய்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்த ஒரு மனிதரின் வாழ்க்கையை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் ஜேம்ஸ் பிரின்செப். இங்கிலாந்தில் 1799-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று பிறந்தவர். பெரிய குடும்பம், வீட்டில் ஏழாவது மகன். அப்பா வங்காளத்தில் அவுரிச் சாய வியாபாரம் செய்து சம்பாதித்துவிட்டு, ஊர் திரும்பி நொடித்துப் போனவர். ஆகவே பிள்ளைகள் ஆளுக்கொரு வேலை தேடிக்கொள்ள வேண்டிய நிலை. ஜேம்ஸ் முதலில் கட்டடக் கலை படிக்கப் போனார். நுணுக்கமான வரைபடங்கள் போட்டுப் போட்டுக் கண் கெட்டது. படிப்பை விட்டார். பிறகு லண்டன் நாணயச் சாலையில் உலோகத்தின் மாற்றுப் பார்க்கும் தொழிலைக் கற்றுக்கொண்டார். நகைக்கடையில் ஆசாரி உரைகல்லில் தங்கத்தை உரசி மாற்றுச் சொல்கிறாரே, அதையே அரசாங்க அளவில், ரசாயனமும் தராசும் வைத்துச் செய்வதுதான் அந்த வேலை. கண் குறைபாட்டால் ஒரு தொழிலைக் கைவிட்டவர்தான் பிற்காலத்தில் யாராலும் படிக்க முடியாத எழுத்துகளைப் படித்தார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1819-இல், இருபது வயதில், கல்கத்தா நாணயச் சாலைக்கு உதவி மாற்று அதிகாரியாக வந்து சேர்ந்தார். மேலதிகாரி ஹோரேஸ் ஹேமன் வில்சன், சமஸ்கிருதம் கற்றவர். அடுத்த ஆண்டே பிரின்செப் காசியில் இருந்த நாணயச் சாலைக்கு அனுப்பப்பட்டார். அங்கே பத்து ஆண்டுகள் இருந்தார்.

காசியில் அவர் அலுவலகத்தோடு நிற்கவில்லை. நாணயச் சாலைக்குக் கட்டடம் வரைந்தார். தெருக்களில் தேங்கிய நீர் வெளியேற நிலத்துக்கடியில் வளைவுச் சுரங்கம் அமைத்தார். ஔரங்கசீப் காலத்து மசூதியின் மினார்கள் பழுதுபட்டபோது சீர்செய்து கொடுத்தார். ஊரின் மக்கள்தொகையைக் கணக்கெடுத்தார். காசிக்குப் போகும் வழியில் கர்மநாசா என்றொரு ஆறு உண்டு. அதன் தண்ணீர் மேலே பட்டாலே சேர்த்த புண்ணியம் போய்விடும் என்று யாத்திரிகர்கள் அஞ்சுவார்கள். அதன் குறுக்கே பாலம் அமைத்ததிலும் அவர் கை இருக்கிறது. எத்தனை பேருடைய புண்ணியத்தை அந்த வெள்ளைக்காரர் காப்பாற்றினார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!

தொழிலிலும் அவர் லேசுப்பட்டவர் அல்ல. உலையின் சூட்டை அளக்கச் சரியான கருவி இல்லாத காலம் அது. தங்கம், வெள்ளி, பிளாட்டினம் ஆகியவற்றை வெவ்வேறு விகிதத்தில் கலந்து சிறு துண்டுகளாக்கி, எந்தத் துண்டு உருகுகிறது, எது உருகவில்லை என்பதைக் கொண்டு சூட்டைக் கணித்தார். இதற்காக 1828-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அவர் வடிவமைத்த தராசு, ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டிக்கொடுக்குமாம். கேஷ் கவுண்டரில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் அந்தத் தராசின் மேல் எனக்குத் தனி மரியாதை.

1830-இல் காசி நாணயச் சாலை மூடப்பட்டது. பிரின்செப் கல்கத்தாவுக்குத் திரும்பினார். வில்சன் ஆக்ஸ்போர்டுக்குச் சமஸ்கிருதப் பேராசிரியராகப் போனதும், அவர் வகித்த இரண்டு பொறுப்புகளும் இவர் தலையில் வந்து விழுந்தன. ஒன்று தலைமை மாற்று அதிகாரி. மற்றது ஆசியச் சங்கத்தின் செயலாளர். 1832-இல் அவர் தொடங்கிய சங்கத்தின் மாத இதழையும் அவரே நடத்தினார். பகலில் நாணயச் சாலை, இரவில் இதழ் வேலை.

அன்றைக்கு இந்தியாவில் கம்பெனி ஆட்சிப் பகுதிக்குள்ளேயே வங்காளத்துக்கு ஒரு ரூபாய், பம்பாய்க்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று, பரூக்காபாத்தில் ஒன்று என்று பல ரூபாய்கள் இருந்தன. எடை வேறு, மாற்று வேறு. ஓர் ஊர்க் காசை இன்னோர் ஊரில் கொடுத்தால் காசுக்கடைக்காரர் வட்டம் பிடித்துக்கொண்டுதான் மாற்றிக் கொடுப்பார். இந்த வட்டத்தில் நொந்தவர்கள் சாதாரண மக்கள். எங்கும் ஒரே எடை, ஒரே மாற்று வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் பிரின்செப் முக்கியமானவர். 1835-இல் சட்டம் வந்தது. 180 கிரெயின் எடையில், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியுடன், நான்காம் வில்லியம் அரசரின் தலை பொறித்த ஒரே ரூபாய். நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு ரூபாய் எடை என்று தங்கத்துக்கும் மருந்துச் சரக்குக்கும் சொல்வார்களே, அது இந்த எடைதான்.

இனி, பழங்காசு விஷயத்துக்கு வருகிறேன்.

புதுக்காசின் மாற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பழங்காசின் மேல் ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அவர் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போகவில்லை. கல்கத்தாவை விட்டு நகர அவருக்கு நேரம் ஏது? நாடெங்கும் இருந்த ராணுவ அதிகாரிகள், பொறியாளர்கள், மருத்துவர்கள், பயணிகள் எல்லோரையும் கேட்டுக்கொண்டார். காசு கிடைத்தால் அனுப்புங்கள். அனுப்ப முடியாவிட்டால் படம் வரைந்து அனுப்புங்கள். எங்கே கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். வந்ததையெல்லாம் சுத்தம் செய்து, எடை போட்டு, தன் கையாலேயே படம் வரைந்து, அனுப்பியவர் பெயரோடு இதழில் வெளியிட்டார். பெயரைப் பார்த்த மகிழ்ச்சியில் அடுத்தவரும் அனுப்பினார். இப்படித்தான் அந்த இதழ் வளர்ந்தது.

அனுப்பியவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும்.

ஒருவர் சார்லஸ் மேசன். உண்மைப் பெயர் ஜேம்ஸ் லூயிஸ். கம்பெனிப் பட்டாளத்திலிருந்து 1827-இல் ஆக்ராவில் தப்பி ஓடிய சிப்பாய். பிடிபட்டால் கடும் தண்டனை. பெயரை மாற்றி, அமெரிக்கர் என்று சொல்லிக்கொண்டு, கால்நடையாக ஆப்கானிஸ்தான் போய்ச் சேர்ந்தார். காபூலுக்கு வடக்கே பெக்ராம் என்ற சமவெளியில் ஆடு மேய்ப்பவர்கள் மண்ணிலிருந்து செப்புக் காசுகளைப் பொறுக்கிச் செம்பு விலைக்கு விற்றுக்கொண்டிருந்ததைக் கண்டார். அவை பாத்திரமாக உருக்கப்பட்டன. மேசன் அவற்றை வாங்கத் தொடங்கினார். 1833-இல் முதல் பருவத்திலேயே 1,865 செப்புக் காசுகள். வரலாற்றில் பெயரே இல்லாமல் போயிருந்த கிரேக்க மன்னர்கள் பலர் அந்தக் குவியலிலிருந்து எழுந்து வந்தார்கள். இந்த வேலைக்காகவும், கம்பெனிக்குக் காபூல் செய்திகளைத் தந்ததற்காகவும் 1835-இல் அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது.

மற்றவர் தளபதி கோர்ட். பிரெஞ்சுக்காரர், ரஞ்சித் சிங்கின் படையில் இருந்தவர். பஞ்சாபில் மாணிக்யாலா என்ற ஊரில் ஒரு பழைய பௌத்த ஸ்தூபியை 1834-இல் திறந்தார். உள்ளே நினைவுப் பேழையோடு கனிஷ்கரின் குலத்தவர் காசுகளும், ரோமாபுரியின் வெள்ளிக் காசுகளும் சேர்ந்து இருந்தன. இதன் முக்கியத்துவம் ஒரு வங்கிக்காரருக்குச் சட்டென்று புரியும். ஒரு பெட்டியைத் திறக்கிறீர்கள். உள்ளே 1987-இல் அச்சடித்த ஒரு நோட்டு இருக்கிறது. அந்தப் பெட்டி 1987-க்கு முன்னால் பூட்டப்பட்டிருக்கவே முடியாது, இல்லையா? ரோமக் காசுகளின் காலம் ஐரோப்பியர்களுக்குத் தெரியும். எனவே காலம் தெரியாத கனிஷ்கருக்கு ஒரு கீழ் எல்லை கிடைத்தது. அதே காசுகள் தனித்தனியாகச் சந்தைக்கு வந்திருந்தால்? ரோமக் காசு ஒரு கடையில், கனிஷ்கர் காசு இன்னொரு கடையில். இரண்டும் ஒரே பேழையில் இருந்தவை என்பதை உலகில் ஒருவராலும் சொல்ல முடியாது.

அந்தக் கிரேக்க மன்னர்களின் காசுகளில் ஒரு வசதி இருந்தது. ஒரு பக்கம் மன்னர் பெயர் கிரேக்கத்தில். மறுபக்கம் அதே பெயர் இந்திய மொழியில், வலமிருந்து இடமாக ஓடும் கரோஷ்டி எழுத்தில். இரண்டு மொழியில் அச்சடித்த ரசீது மாதிரி. எந்த இந்திய எழுத்துக்கூட்டம் எந்தப் பெயரைக் குறிக்கிறது என்று முதலில் சுட்டிக்காட்டியவர் மேசன். அந்த முனையைப் பிடித்துக்கொண்டு பிரின்செப் ஒவ்வோர் எழுத்தாக அடையாளம் கண்டார்.

இன்னும் பெரிய புதிர் பிராமி. டெல்லியிலும் அலகாபாத்திலும் பெரிய கல்தூண்களில் செதுக்கியிருந்த எழுத்து. மன்னர்களும் பண்டிதர்களும் பல நூறு ஆண்டுகளாகப் படிக்க முயன்று தோற்றது. ஜெர்மனியில் பேராசிரியராக இருந்த லாசன், அகதோக்ளிஸ் என்ற கிரேக்க மன்னரின் காசில் அந்த எழுத்தைக் கண்டு 1836-இல் பெயரைப் படித்தார். சதுரமான ஒரு சிறு செப்புக் காசு. ஆனால் கதவு முழுக்கத் திறந்தது 1837 மே மாதத்தில்.

சாஞ்சி ஸ்தூபியின் வேலியிலும் தூண்களிலும் இருந்த குட்டிக் குட்டிக் கல்வெட்டுகளின் படிகள் பிரின்செப்புக்கு வந்திருந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கவனித்தார். காசியில் பத்து ஆண்டுகள் இருந்தவர் அல்லவா? கோயிலுக்கு ஏதாவது கொடுத்தால் கொடுத்தவர் பெயரை எழுதி வைப்பது நம் வழக்கம் என்பது அவருக்குத் தெரியும். நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் இருக்குமே, அதேதான்! அப்படியானால் கடைசிச் சொல் தானம் என்று இருக்க வேண்டும். அதற்கு முன்னால் வரும் எழுத்து, இன்னாருடைய என்று பொருள் தரும் விகுதி. அந்த விகுதியை அவர் சில நாட்களுக்கு முன்புதான் சௌராஷ்டிரக் காசுகளில் பார்த்திருந்தார். மூன்று எழுத்துகள் கைக்கு வந்ததும் மற்றவை வேகமாக வந்தன. சில வாரங்களில் டெல்லித் தூண் பேசத் தொடங்கியது. மொழிபெயர்ப்பில் கமலாகாந்த வித்யாலங்கார் என்ற பண்டிதர் அவருக்கு உதவினார்.

தூணில் தேவனாம்பியர் பியதசி என்ற மன்னர் பேசினார். யார் அவர் என்று தெரியவில்லை. இலங்கையில் அரசுப் பணியில் இருந்த ஜார்ஜ் டர்னர் என்பவர் பாலி நூல்களைப் பார்த்துவிட்டு, அவர் அசோகர் என்று தெரிவித்தார். இன்று நம் ரூபாய் நோட்டிலும் காசிலும் இருக்கும் சிங்கமுகத் தூண் யாருடையது என்பதை உலகம் உறுதியாக அறிந்துகொண்டது இப்படித்தான்.

மறு ஆண்டு குஜராத்தின் கிர்நார் பாறைக் கல்வெட்டையும் படித்தார். அதில் அசோகர் தம் எல்லைக்கு அப்பால் உள்ளவர்களாகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரைக் குறிப்பிட்டிருந்தார். நம் மூவேந்தருக்கும் கல்லில் எழுதிய அத்தனை பழைய சாட்சி அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. பின்னாளில் நம் மதுரைப் பக்கத்துக் குகைகளில் இருந்த தமிழ் பிராமி எழுத்துகளையும், கீழடிப் பானை ஓட்டில் கீறியிருக்கும் பெயர்களையும் நம்மவர்கள் படித்ததற்கு அடித்தளம், அந்தக் கல்கத்தா மேசையில் போடப்பட்டதுதான்.

ஆனால் அந்த மேசை அவரைத் தின்றுவிட்டது. நாணயச் சாலை, சங்கம், இதழ், காசுகள், கல்வெட்டுகள் என்று ஓய்வே இல்லாத உழைப்பு. 1838-இல் கடுமையான தலைவலி தொடங்கியது. அந்த ஆண்டின் கடைசியில் கப்பலேறி இங்கிலாந்து போனார். சித்தம் தெளியவேயில்லை. எத்தனையோ எழுத்துகளை மீட்டுக் கொடுத்தவர், தன் நினைவை இழந்து 1840 ஏப்ரல் 22 அன்று லண்டனில் இறந்தார். வயது நாற்பதுதான். மனைவியும் ஒரு சிறு மகளும் இருந்தார்கள்.

கல்கத்தா மக்கள் ஹூக்ளி நதிக்கரையில் அவர் பெயரில் வெள்ளைத் தூண்கள் கொண்ட ஒரு படித்துறை கட்டினார்கள். பிரின்செப் காட் என்று இன்றும் நிற்கிறது. காசி யாத்திரையை முடித்துக்கொண்டு கொல்கத்தா வழியாகத் திரும்புபவர்கள் ஒரு மாலை அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அவர் சேர்த்த காசுகள் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவரிடம் பழகிய இளம் பொறியாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம்தான் 1861-இல் இந்தியத் தொல்லியல் துறையைத் தொடங்கி நடத்தியவர்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

எண்பதுகளில் தென் மாவட்டத்தில் ஒரு கிராமக் கிளையில் வேலை பார்த்தேன். ஒரு நாள் மதியம் ஒரு விவசாயி, துண்டில் முடிந்து ஒரு கைப்பிடி காசு கொண்டு வந்தார். கிணறு வெட்டும்போது கிடைத்ததாம். சிறியவை, பச்சைக் களிம்பு ஏறியவை, சில சதுரமாக இருந்தன. ஒன்றில் யானை மாதிரி ஏதோ தெரிந்தது. பேங்கில் எடுத்துக்கொள்வீர்களா தம்பி என்று கேட்டார். நான் பி.காம். படித்தவன். செல்லும் காசு எது, செல்லாத காசு எது என்று எனக்குத் தெரியும். இது செல்லாது ஐயா, செம்புதான், பாத்திரக் கடையில் போட்டால் எடைக்கு ஏதாவது கொடுப்பார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கவுண்டரில் கூட்டம் இருந்தது. எந்த ஊர், எந்தக் கிணறு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் சங்ககாலப் பாண்டியர் காசுகள் என்று கண்ணாடிக்குள் வைத்திருந்ததைப் பார்த்தேன். சதுரச் செப்புக் காசு, யானை. அங்கேயே வெகுநேரம் நின்றேன். அந்தத் துண்டில் இருந்தவை இவைதானா என்று இனி யாரும் சொல்ல முடியாது. பெக்ராமில் ஆடு மேய்த்தவர் எழுத்தறியாமல் செய்ததை நான் படித்துவிட்டுச் செய்தேன். பழங்காசு சேர்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

ஆகவே, மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் சில வார்த்தைகள். கருவி தவறில்லை, நல்ல பொழுதுபோக்கு. அதன் சுருளில் ஓடும் மின்சாரம் மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அந்தப் புலம் மாறுகிறது, கருவி கத்துகிறது. அதற்கு அவ்வளவுதான் தெரியும். மற்றதை நாம்தான் கேட்க வேண்டும். காலிமனையானாலும் மனைக்காரரின் அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. அதன்படி மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே, என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறைத் தண்டனை வரை போகும். அந்தச் சட்டம் கேட்பதும், பிரின்செப் கேட்டதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் என்பதைக் கவனியுங்கள்.

ஏதாவது கிடைத்தால் உடனே தேய்த்துக் கழுவாதீர்கள். களிம்போடு எழுத்தும் போய்விடும். கிடைத்த இடத்திலேயே ஒரு படம் எடுங்கள். ஆழத்தை அளந்து எழுதுங்கள். கூட என்ன கிடந்தது என்பதையும் எழுதுங்கள். பெரியவர்களிடம் காட்டுங்கள்.

நம் பிள்ளைகள் அந்தக் காலணாவுக்கு ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார்கள். இரண்டாம் முறை போய், கிடைத்த குழியைத் தேடிக் கண்டுபிடித்து, வேப்பமரத்திலிருந்து பதினான்கு அடி, ஒரு சாண் ஆழம் என்று முதல் பக்கத்தில் எழுதியாகிவிட்டது. விலை எவ்வளவு என்று இப்போது கேட்பதில்லை. அந்தக் காலத்தில் இந்த மனையில் யார் இருந்தார்கள் என்று கேட்கிறார்கள். நம் பகுதியில் பழைய குடித்தனக்காரர்கள் யாரேனும் இருந்தால், தயவுசெய்து அவர்களுக்குச் சொல்லுங்கள்.